பெரட்டுக்கு முன்னால் பத்து நிமிடம்

"வேதம் வாசிக்க ஏது தம்பி நேரம்?"

நீலாய் வட்டாரத்தில் சங்க வேலையாகப் போகும் இடங்களில் இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் இல்லை. லாபு, பாஜம், மந்தின், பத்தாங் பெனார் என்று எங்கே போனாலும் முதலில் சம்பளப் பேச்சு. பிறகு கூரை ஒழுகுவது, தண்ணீர்க் குழாய் என்று வீட்டுப் பேச்சு. எல்லாம் முடிந்து வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது, கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், இந்தப் பேச்சும் வந்துவிடும். நானும் கிறிஸ்தவன்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். போதகரிடம் சொல்லக் கூச்சப்படுவதை என்னிடம் சொல்லிவிடுகிறார்கள்.

போதகர் தினமும் வாசியுங்கள் என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். மறுநாள் விடியக்காலை நாலரைக்கு எழுந்தால் அடுப்பு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பெரட்டு, காடு. பகலெல்லாம் செம்பனைக் குலையோடு மல்லுக்கட்டு. வீடு திரும்பினால் துணிமணி, சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பாடம். இராத்திரி ஒன்பது மணிக்கு வேதத்தைத் திறந்தால், ஆதியாகமத்தில் இன்னார் இன்னாரைப் பெற்றான் என்ற வம்ச அட்டவணை வந்து நிற்கிறது. மூன்றாவது பேர் வருவதற்குள் கண் செருகிவிடுகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று பிரசங்கம் செய்கிறவர்கள், நீளக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, தலைக்குமேல் முப்பதடி உயரத்தில் தொங்கும் குலையை ஒரே ஒரு நாள் அறுத்துப் பார்த்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடரட்டும். உடம்பு அசந்துபோவது பாவம் அல்ல.

ஆனால், தோழர்களே, "நேரம் இல்லை" என்ற சொல்லை மட்டும் நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. சங்கத்துக்காரன் காதுக்கு நேரமும் சம்பளம் மாதிரிதான். சம்பளச் சீட்டைக் கையில் வாங்கினால் எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு பிடித்திருக்கிறார்கள், எதற்காகப் பிடித்தார்கள் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். நம் நாளை மட்டும் ஏன் அப்படி எண்ணிப் பார்ப்பதில்லை?

எண்ணிப் பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு வேலை 8 மணி நேரம். இடைவேளைகளையும் சேர்த்து, வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை 10 மணி நேரத்துக்குமேல் இழுக்கக்கூடாது. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்தது 2023 ஜனவரி முதல் 45 ஆகக் குறைந்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடுக்கவேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு நாள். அது எந்த நாள் என்பதை முதலாளி தீர்மானிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலை மாதம் பிறப்பதற்கு முன்பே போட்டுவிடவேண்டும். தொடர்ந்து ஷிப்டு முறையில் ஓடியே தீரவேண்டிய வேலை, விபத்து போன்ற அவசரம் என்று சட்டம் சொல்லும் சில சந்தர்ப்பங்களைத் தவிர, ஓய்வு நாளில் ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக்கூடாது.

இவையெல்லாம் துரைமார்கள் மனமிரங்கிக் கொடுத்த தானம் அல்ல. வேலைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு என்று காகிதத்தில் எழுதவைக்க, தனித்தனியாகக் கிடந்த சங்கங்கள் 1954-இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுசேர்வதற்கு முன்பிருந்தே, நம் பாட்டன்மார் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார்கள். அந்த அரை மணி உங்களுடையது. அந்த ஓய்வு நாளும் உங்களுடையது. அதில் வேதம் வாசிப்பதா, தூங்குவதா, பாசார் மாலாம் போவதா என்பது உங்கள் பாடு.

நடப்பில் என்ன ஆகிறது? ஓய்வு நாளில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் என்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது. இதை வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகளை வளர்க்கும் வீட்டில் இரட்டைச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுகிறது. நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது சோம்பலில் போகவில்லை, சம்பளம் போதாததில் போயிருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்கள் மாதம் பிறக்குமுன் கிராணியிடம் பேசி, ஞாயிறையே தங்கள் ஓய்வு நாளாகப் போடச்சொல்லிக் கேட்கலாம். ஒருவர் போய்க் கேட்பதைவிட எட்டுப் பேர் சேர்ந்து கேட்பது மேல். கேட்டதும் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமல் கிடைத்ததை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை! ஆகவே இன்றைக்கும் நம் ஊரில் பொழுது விடிய ஏழு மணி ஆகிறது. ஐந்தரை, ஆறு மணிப் பெரட்டு என்றால் அது கும்மிருட்டு. விடிவதற்கு முன்னே எழுந்து ஜெபிப்பது பக்தர்களின் வழக்கம் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நம் வீடுகளில் பக்தி இல்லாதவரும் அந்த நேரத்துக்கு எழுந்துதான் ஆகவேண்டியிருக்கிறது. எப்படியும் முழித்திருக்கிற நேரம் அது. தண்ணீர் கொதிக்க ஆகும் பத்து நிமிடத்தில் வாசிக்கிற அக்காமார்களை நான் அறிவேன். அடுப்படியில் நின்றபடி வாசிப்பார்கள். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுமாம்.

தொழிலாளி வேதம் வாசிப்பது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1780-இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்பவர் ஞாயிறு பள்ளி தொடங்கினாரே, அது யாருக்காக? அந்த ஊரில் குண்டூசித் தொழிற்சாலைகளில் வாரத்தில் ஆறு நாளும் உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்காக. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்ந்த நாள். அன்றைக்குத்தான் எழுத்தும் வேதமும். இன்று நம் சபைகளில் நடக்கும் சண்டே ஸ்கூலுக்கு மூலம் அதுதான். குழந்தைத் தொழிலாளர்களின் ஓய்வு நாளில் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

நம் சங்கக்காரர்களுக்கு டால்பட்டல் என்ற ஊர்ப் பேர் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் ஒரு குக்கிராமம். வாரக் கூலி ஏழு ஷில்லிங்காக இறங்கி, இன்னும் ஆறாகக் குறைக்கப் போகிறார்கள் என்றதும் வயல் தொழிலாளர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். சங்கம் வைத்ததற்கு நேரடியாகத் தண்டிக்க வழியில்லாததால், இரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834-இல் ஆறு பேரை ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். ஊர் ஊராக எழுந்த எதிர்ப்பினால் 1836-இல் மன்னிப்பு அளிக்கப்பட்டது. அந்த ஆறு பேரில் ஐந்து பேர் மெதடிஸ்டுகள். தலைவரான ஜார்ஜ் லவ்லெஸ் கலப்பை பிடித்த கூலித் தொழிலாளி. அதே சமயம் சபையில் பிரசங்கமும் செய்தவர். பகலெல்லாம் உழுதுவிட்டு அவர் எப்போது வாசித்தார்? உழைப்பாளிக்கு வாசிப்பு வராது என்கிறவர்கள் இந்த மனிதரை என்ன செய்வார்கள்?

நமக்கு இன்னும் நெருங்கிய கதை இலங்கையில் இருக்கிறது. அங்கே காப்பித் தோட்டங்களில் இருந்த நம்மவர்களுக்காக 1854-இல் ஒரு மிஷன் தொடங்கினார்கள். அதன் பேரே "தமிழ்க் கூலி மிஷன்". பேர் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் தோட்டம் தோட்டமாக நடந்துபோய் வாசித்துக் காட்டியவர்கள் தமிழ் உபதேசியார்கள். எழுத்து அறிந்தவர் ஒருவர் வாசிக்க, அறியாதவர் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பது. அந்தக் காலத்துத் தினசரி வாசிப்பு அதுதான். தனி அறை, தனி மேசை, மேசை விளக்கு எல்லாம் பின்னால் வந்த சங்கதிகள். லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? நமக்குப் பொருந்துவது பழைய முறைதான். ஒருவர் உரக்க வாசிக்கட்டும்; ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் பலருக்குச் சிக்கல். முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, ஆதியாகமம், யாத்திராகமம் தாண்டி, லேவியராகமத்துப் பலி முறைகளில் அகப்பட்டு நின்றுபோனவர்கள் ஏராளம். ஜனவரியில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்துபோகும் வாசிப்பு எல்லாம் இந்த ரகம். தினமும் இன்ன பகுதி என்று சீட்டில் அச்சடித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை ஸ்கிரிப்சர் யூனியன் அமைப்பு 1879-இலேயே ஆரம்பித்துவிட்டது. அதுவும் முதலில் பிள்ளைகளுக்காகத்தான். அப்படிப்பட்ட அட்டவணை உங்கள் சபையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்தால் 52 வாரத்தில் சரியாக முடிகிறது. மிச்சமுள்ள இரண்டு நாள், விட்டுப்போனதைப் பிடிப்பதற்கு. உடம்புக்கு முடியாத நாள், மழையில் நனைந்து வந்த நாள், துக்க வீட்டுக்குப் போன நாள் எல்லாம் வரத்தானே செய்யும்? ஒரு நாள் தவறினால் அதோடு விட்டுவிடுகிற பழக்கத்துக்கு இந்த இரண்டு நாள்தான் மருந்து. முழு வேதமும் 1,189 அதிகாரம். வேலை நாளுக்கு மூன்று, ஓய்வு நாளுக்கு ஐந்து என்று வாசித்தால் ஓராண்டில் முடியும் என்பார்கள். முடிகிறவர்கள் செய்யட்டும். ஓடி வேலை செய்கிற வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். (கத்தோலிக்கச் சகோதரர்களின் திருவிவிலியத்தில் நூல்கள் இன்னும் சில கூடுதல், புதிய ஏற்பாட்டுக் கணக்கு அவர்களுக்கும் இதேதான்.)

தொழிலாளி வாசித்தால் அவனுக்கென்று சில பக்கங்கள் தனியாகப் பேசும். யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுங்கள். பார்வோன் செங்கல் அறுக்கிற அடிமைகளுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்திவிடுகிறான். வைக்கோலை அவர்களே பொறுக்கிக்கொள்ளவேண்டும். ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றும் குறையக்கூடாது. ஓய்வு கேட்டவர்களைப் பார்த்துச் சோம்பேறிகள் என்கிறான். ஆளைக் குறைத்துவிட்டு டன் கணக்கை அப்படியே வைக்கிற நிர்வாகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவையா? கூலிக்காரனுக்குப் பொழுது சாய்வதற்குள் அன்றைய கூலியைக் கொடுத்துவிடு என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் சொல்கிறது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தன் ஐந்தாம் அதிகாரத்தில் பணக்காரர்களைப் பார்த்து எழுதுகிறார். ஓய்வு நாள் கட்டளையிலும் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லோரும் ஓயவேண்டும் என்றுதான் இருக்கிறது. எஜமானுக்கு மட்டும் லீவு என்று இல்லை.

மத்தேயு 20-இல் வருகிற திராட்சைத் தோட்டத்துக் கூலி உவமை வேறு மாதிரி. காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி. அதை வைத்து எங்கள் கமிட்டியில் இரண்டு மணி நேரம் வாதம் செய்யலாம்! அப்படி வாதம் செய்தால் அதுவும் வேதம் வாசித்ததுதான்.

கையில் இருக்கும் தமிழ் கடினமாக இருக்கிறது என்று இளையவர்கள் முறையிடுவதில் நியாயம் உண்டு. பிராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் இன்றைக்கும் வாசிப்பது 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு. பல மிஷன்கள் சேர்ந்து செய்ததால் அதற்கு யூனியன் மொழிபெயர்ப்பு என்று பேர். அந்தப் பேரில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அதற்கும் முன்னால், 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழிகளிலேயே முதலாவதாக அச்சேறிய புதிய ஏற்பாடு நம் தமிழில்தான். 36 வயதில் இறந்துபோனார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் மொழிபெயர்த்தபோது கூட இருந்து தமிழைச் செம்மைப்படுத்தியவர் ஆறுமுக நாவலர். ஆம், சைவத்துக்காகவே வாழ்ந்த அதே நாவலர்தான். ஆகவே இந்துத் தோழர்களும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவேண்டாம். தேவாரம் பாட நேரமில்லை என்கிற வீட்டிலும் கதை இதுதானே?

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. நீலாய் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல, வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் கல்லூரிகளாகவும் மாறிவிட்டன. 1998-இல் பக்கத்துச் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தபிறகு வேலையும் மாறிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது பேக்டரியிலும் விமான நிலையத்திலும் 12 மணி நேர ஷிப்டு. ஓடி வேலைக்கு மாதம் 104 மணி என்று சட்டத்தில் வரம்பு உண்டு. 26 நாளுக்குப் பிரித்தால் தினமும் நான்கு மணி. எட்டும் நான்கும் பன்னிரண்டு. வரம்பே இப்படி இருந்தால் பிள்ளை எப்போது வீட்டில் இருப்பான்? அம்மா பெரட்டுக்குப் போகும்போது மகன் ஷிப்டு முடிந்து வருகிறான். தகப்பன் படுக்கும்போது மகள் பேக்டரி பஸ் ஏறுகிறாள். ஒரே கூரை, ஆனால் சேர்ந்து உட்கார ஒரு நேரமில்லை.

அதோடு, தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, வாசிக்க வரவில்லை. தகரப் பெட்டியில் வைத்துத் தாத்தா காப்பாற்றிய வேதம் அலமாரியில் இருக்கிறது. பேரனுக்கு அதன் அட்டையில் உள்ள எழுத்துக்கூடத் தெரியவில்லை. சில வீடுகளில் அந்தப் புத்தகத்தைத் தாத்தாவின் சவப்பெட்டியிலேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். மரியாதையாகத்தான் செய்கிறார்கள். எனக்கென்னவோ அதைப் பார்க்கும்போது வயிறு பிசைகிறது. வீட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒன்று இருந்தால் அதன் கையில் புத்தகத்தைக் கொடுங்கள். தினமும் பத்து வசனம் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு வசனம் மனப்பாடம். பிள்ளை தப்பாக வாசித்தால் படுத்த இடத்திலிருந்தே திருத்துவார்.

நாள்காட்டியில் தினம் ஒரு வசனம் கிழித்துப் பார்ப்பதையும், வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வரும் வசனத்தையும் வாசிப்பு என்று சிலர் கணக்கு வைக்கிறார்கள். பேப்பரில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் செய்தி படித்தேன் என்பது போன்றது அது. கைப்பேசியில் முழு வேதமும் இருக்கிறது, ஒலியாகவும் கேட்கலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நல்ல வசதி. ஒரே தொல்லை, மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் இருக்கும்போது மச்சான் அனுப்பிய வீடியோ வந்து கூப்பிடும். இணையத்தை அடைத்துவிட்டு வாசிக்கப் பழகுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு ரூத்தின் புத்தகத்தைச் சொல்வேன். நான்கே அதிகாரம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த ஒரு பெண், அடுத்தவர் வயலில் அறுவடைக்குப் பின்னால் போய்க் கதிர் பொறுக்குகிற கதை. உதிரிப் பழம் பொறுக்கிய கைகளுக்கு அந்தக் கதை சட்டென்று புரியும். அதை முடித்தபின் மாற்கு. பதினாறு அதிகாரம், மூன்று வாரத்து வேலை.

லாபு பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாயும் மகனும் இப்படிச் செய்கிறார்கள். அம்மா விடியக்காலை அடுப்படியில் ஓர் அதிகாரம் வாசித்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறார். புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரு பழைய சம்பளச் சீட்டைச் செருகி வைத்திருப்பார். மகன் இரவு ஷிப்டு முடிந்து வந்து, சீட்டு இருக்கிற இடத்தைப் பார்த்து, அதே அதிகாரத்தை வாசித்துவிட்டுப் படுக்கிறான். அவன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். புரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து சோறு தின்னும் நாள் வாரத்தில் ஒன்றுதான். அன்றைக்கு அந்தக் கோடு போட்ட சொற்களைப் பற்றிப் பேச்சு நடக்கும். போன வாரம் போனபோது விசாரித்தேன். அம்மா மாற்கு பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறாராம்.

"அவன் இன்னும் ஒம்போதுலதான் இருக்கான் தம்பி, இந்த வாரம் ஓடி ஜாஸ்தி" என்றார்.